நல்ல காரியங்களிடமிருந்து பூங்காவைக் காப்பது

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து மேற்கே நடப்பவர் வரிசையாகச் சில கட்டடங்களைக் கடக்கிறார். புறநகர் ரயில் முனையம், விக்டோரியா பொது மண்டபம், மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை, பின்புறம் நேரு விளையாட்டரங்கம். இவை அனைத்தும் ஒரு காலத்தில் ஒரே பூங்காவாக இருந்த நிலத்தின் மேல் நிற்கின்றன. 1859-ல் சென்னை மாகாண ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் நெரிசல் மிகுந்த பகுதியின் மக்கள் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்று கருதி, அதன் மேற்கு விளிம்பில் பீப்பிள்ஸ் பார்க் என்ற மக்கள் பூங்காவை உருவாக்கினார். அதன் பரப்பு 116 ஏக்கர். உள்ளே பதினொரு குளங்களும் ஐந்தரை மைல் நீளத்துக்குச் சாலைகளும் இருந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கிய விலங்குக் காட்சிசாலையும் 1860-களின் தொடக்கத்தில் இங்கே இடம் மாறியது. சாமானியர்களுக்கென்று இந்த நகரம் இத்தனை பெரிய பூங்காவை அதற்கு முன்பு கண்டதில்லை. இன்று அதில் பூங்காவென்று எஞ்சியிருப்பது மை லேடீஸ் பூங்கா என்ற சிறு துண்டு மட்டுமே.

அந்த 116 ஏக்கர் கரைந்த வரலாற்றில் வில்லன்கள் யாரும் இல்லை. முதலில், நகர மக்கள் கூடிப் பேசவும் நாடகம் பார்க்கவும் ஒரு மண்டபம் தேவைப்பட்டது. 1880-களில் பூங்காவின் ஓரத்தில் விக்டோரியா மண்டபம் எழுந்தது. பிராட்வே சாலையோர வியாபாரிகளுக்கு ஒழுங்கான கடைகள் வேண்டியிருந்தன. 1900-ல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. வளர்ந்துவிட்ட மாநகராட்சிக்கு அலுவலகம் வேண்டியிருந்தது. 1913-ல் ரிப்பன் மாளிகை வந்தது. விளையாட்டு வீரர்களுக்கு அரங்கம் தேவைப்பட்டது, அதுவும் வந்தது. 1985-ல் விலங்குகள் வண்டலூருக்குப் போயின. அதே ஆண்டு மூர் மார்க்கெட் தீக்கிரையானது; அந்த இடம் புறநகர் ரயில் பயணிகளுக்குப் போனது. கடையிழந்த வியாபாரிகளுக்காக அருகிலேயே ஒரு வணிக வளாகம் கட்டினார்கள். அதன் பெயர் அல்லிக்குளம் வளாகம். குளம் போய்விட்டது, பெயரைக் கடைகள் வைத்துக்கொண்டன. இவற்றில் எந்த ஒன்றையும் தனியே எடுத்துக்கொண்டு தவறு என்று வாதிடுவது கடினம். மண்டபம், சந்தை, அலுவலகம், அரங்கம், ரயில் முனையம் எல்லாமே நகரத்துக்கு வேண்டியவைதான். ஆனால் இத்தனை நியாயங்களையும் கூட்டிப் பார்த்தால் விடையாக வருவது பூங்கா இல்லாத நகரம்.

இந்தக் கட்டுரை முன்வைக்கும் வாதம் இதுதான்: சென்னை தன் பொதுவெளிகளை இழந்தது பெரும்பாலும் ஆக்கிரமிப்பாளர்களிடம் அல்ல, நல்ல காரியங்களிடம். ஆக்கிரமிப்பை எதிர்க்கச் சட்டமும் மனச்சாட்சியும் உடனே விழித்துக்கொள்கின்றன. நல்ல காரியம் வந்து நிலம் கேட்கும்போது அவை இரண்டும் அமைதியாகிவிடுகின்றன. பூங்காவுக்கு இன்ன வேலை என்று சுட்டிக் காட்ட ஏதும் இல்லாததால், வேலையுள்ள எந்தத் திட்டத்தின் முன்னும் அது தோற்கிறது. உண்மையில் எந்த வேலையும் சுமத்தப்படாமல் இருப்பதுதான் பூங்கா செய்யும் வேலை. காரணம் சொல்லாமல், காசு கொடுக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு மனிதர் போய் உட்கார முடிகிற இடத்தைத்தான் நகரம் நேசிக்கிறது. அந்தத் தன்மையைக் காப்பாற்றாமல் மரங்களையும் நீரூற்றுகளையும் மட்டும் பெருக்குவது பூங்காவைக் காப்பதாகாது.

மக்கள் பூங்காவுக்கு நேர்ந்ததே கிண்டிக் காட்டுக்கும் நேர்ந்தது. சுதந்திரத்துக்குப் பின் அந்தக் காட்டின் ஒரு பெரும்பகுதி 1959-ல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்குப் போனது. ஓரத்தில் காந்தி, ராஜாஜி, காமராஜர் நினைவிடங்கள் அடுத்தடுத்து எழுந்தன. உயர்கல்வியையும் தேசத் தலைவர்களின் நினைவையும் மறுத்துப் பேச யாருக்கு வாய் வரும்? 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகுதான் அந்தச் சுருக்கம் நின்றது. அப்போது எஞ்சியிருந்தது ஏறத்தாழ 270 ஹெக்டேர். இதிலிருந்து கிடைக்கும் பாடம் முக்கியமானது. நல்ல காரியங்களைத் தடுத்து நிறுத்தியது மக்களின் அன்போ அதிகாரிகளின் தாராளமோ அல்ல. இந்த நிலத்தில் இனி எதுவும் கட்டக் கூடாது என்ற திட்டவட்டமான சட்டத் தகுதிதான். மக்கள் பூங்காவுக்கு அப்படி ஒரு வேலி இருந்ததில்லை.

இதற்கு மாறாக, சென்னை தன் உயிராகக் கருதும் பொதுவெளி யாரும் முழுதாகத் திட்டமிடாதது. 1870-களின் நடுவில் துறைமுகத்துக்கான கட்டுமானம் தொடங்கியபோது, ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடல் மணலை அதன் சுவர்கள் மறித்தன. தெற்கே மணல் சேர்ந்து அகன்ற கடற்கரை உருவாயிற்று. அதையொட்டி உலாவும் பாதை ஒன்றை 1884-ல் ஆளுநர் கிராண்ட் டஃப் அமைத்து மெரினா என்று பெயரிட்டார். தெற்கே மணல் சேர்ந்ததற்கான விலையை வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் கொடுத்தன. அங்கே கடல் கரையை அரித்தது, மீனவர் குடியிருப்புகள் பின்வாங்கின. நகரத்தின் ஒரு பாதி காற்று வாங்க மறுபாதி நிலம் இழந்தது என்பதையும் மெரினாவின் கணக்கில் சேர்த்தே எழுத வேண்டும். அதனால்தான் இந்த மணல் எந்த ஒரு பகுதிக்கும் எந்த ஒரு வகுப்புக்கும் உரியதாகிவிடக் கூடாது.

மெரினாவில் மாலையில் கூடும் கூட்டத்தைக் கூர்ந்து பார்த்தால் அதன் பெருமை எதில் இருக்கிறது என்பது விளங்கும். ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர் வாழும் குடும்பம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து துண்டு விரித்து உட்காருகிறது. சற்றுத் தள்ளி, பேசிக்கொள்ள வேறு இடமில்லாத காதலர்கள். குதிரைச் சவாரிக்கு அடம்பிடிக்கும் பிள்ளைகள், பலூன் சுடும் இளைஞர்கள், மாங்காயும் சுண்டலும் விற்று அன்றைய வீட்டுச் செலவைத் தேற்றும் பெண்கள். வெளியூரிலிருந்து வந்து முதன்முறையாகக் கடலைப் பார்ப்பவர்களும் உண்டு. ஒருவர் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் இரவு வரை இங்கே இருக்கலாம். ஏன் வந்தாய் என்று கேட்பார் இல்லை. இந்தத் திறந்த தன்மைதான் இதே மணலை அரசியல் மேடையாகவும் ஆக்கியது. 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது இங்கே. விடுதலைப் போராட்டக் காலத்தின் பெரும் கூட்டங்கள் இந்தக் கரையின் திலகர் திடலில் நடந்தன. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் நாள்கணக்கில் தங்கியதும் இதே கரையில்தான். பொழுதுபோக்குக்கு ஓரிடம், குடியுரிமைக்கு வேறோரிடம் என்று மக்கள் பிரித்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அங்கே போராட்டங்களை அனுமதிப்பதில்லை என்று அரசு முடிவெடுத்தது. 2018-ல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வும் அந்த நிலைப்பாட்டை ஏற்றது. காற்று வாங்க வருபவரின் அமைதி காக்கப்பட வேண்டும் என்பது நியாயமான அக்கறைதான். ஆனால் பேசுவதற்கென்று வரும் குடிமகனை விலக்கினால், பொதுவெளி பாதியளவே பொதுவாக எஞ்சுகிறது.

பூங்காக்கள் நிலத்தை இழந்து மட்டுமே மறைவதில்லை. நிலம் அப்படியே இருக்க, வாசல் குறுகியும் மறைகின்றன. சென்னையின் மாநகராட்சிப் பூங்காக்களைக் காலையிலும் மாலையிலும் சில மணி நேரம் திறந்து, பகல் முழுக்கப் பூட்டிவைப்பது பல்லாண்டு வழக்கமாக இருந்தது. கொளுத்தும் வெயிலில் நிழல் தேவைப்படும் கட்டடத் தொழிலாளிக்கும், வீட்டுவேலைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் ஓய்வு கிடைக்கும் பணிப்பெண்ணுக்கும், உணவு கொண்டுசெல்லும் இளைஞனுக்கும் அந்தப் பூட்டு சொன்ன செய்தி, பூங்கா நடைப்பயிற்சிக்காரர்களின் சொத்து என்பதே. அடுத்தது கட்டணம். 2024 அக்டோபரில் கதீட்ரல் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவின் நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50 ரூபாய் என்று வைக்கப்பட்டது. பெற்றோரும் இரு பிள்ளைகளும் உள்ளே காலெடுத்து வைக்க 300 ரூபாய். கம்பிவடச் சவாரி போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம். தினக்கூலிக் குடும்பம் ஒன்றுக்கு இது ஆண்டுக்கொரு முறை போகும் இடமாகலாம். வாரந்தோறும் போகும் இடமாகாது.

இதற்கு முதல் மறுப்பு பணத்தைப் பற்றியது. பராமரிப்புக்கு யார் கொடுப்பது, இலவசமாகக் கிடைப்பதை மக்கள் மதிப்பார்களா என்று கேட்கிறார்கள். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. உடைந்த ஊஞ்சலும் நாறும் கழிப்பறையும் உள்ள பூங்கா எந்த ஏழைக்கும் உதவாது. ஆனால் பூங்காவில் எது விலை உயர்ந்தது என்று பார்க்க வேண்டும். மரநிழல், மண்பாதை, பெஞ்சு, குடிநீர், கழிப்பறை, காவலர் என்ற அடிப்படைகள் மாநகராட்சி தாங்கக்கூடியவை. செலவைக் கூட்டுவது இசை நீரூற்றும் கம்பிவடச் சவாரியும் கண்ணாடிக் கூடமும்தான். முதலில் காட்சிப்பொருள்களால் செலவை ஏற்றிவிட்டு, பிறகு அந்தச் செலவைக் காட்டிக் கட்டணத்தை நியாயப்படுத்துவது வட்டமான தர்க்கம். மயிலாப்பூர் லஸ் பகுதியில் அமிர்தாஞ்சன் நிறுவனர் காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயர் தாங்கிய பூங்கா இதற்கு நல்ல மாற்று உதாரணம். ஒரு தனியார் நிறுவனம் அதைத் தத்தெடுத்துப் பராமரிக்கிறது. ஆனாலும் நுழைவுக்குக் கட்டணமில்லை. மர நிழலில் கச்சேரியும் உண்டு. பணம் கொடுப்பவர் ஒருவராகவும் அனுபவிப்பவர் எல்லோராகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மக்களும் இந்த வேறுபாட்டை உணர்ந்தே இருக்கிறார்கள். மாநகராட்சியின் ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்து ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கலாம் என்று 2024 டிசம்பரில் மாமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. எழுந்த எதிர்ப்பைக் கண்டு உடனடியாகப் பின்வாங்கவும் நேர்ந்தது. வடசென்னையின் கால்பந்து காசு கொடுத்து வளர்ந்ததல்ல.

இரண்டாவது மறுப்பு பாதுகாப்பு. திறந்துவிட்டால் குடிகாரர்களும் வழிப்பறிக்காரர்களும் வருவார்கள், பெண்கள் வர அஞ்சுவார்கள் என்கிறார்கள். அச்சம் உண்மையானது, அதற்கான மருந்துதான் தவறாகச் சொல்லப்படுகிறது. அண்ணா நகர் விஸ்வேஸ்வரய்யா கோபுரம் 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டது. 2011-ல் பாதுகாப்புக் காரணம் சொல்லி அதில் ஏறுவதைத் தடுத்தார்கள். தடுப்புக் கம்பிகள் அமைத்து 2023-ல் மீண்டும் திறந்தபோது தெளிவானது, தீர்வு கம்பிதான், பூட்டல்ல என்பது. பன்னிரண்டு ஆண்டுகளை ஒரு தலைமுறைச் சிறுவர்கள் வீணாக இழந்தார்கள். ஓரிடம் பாதுகாப்பாக இருப்பது அங்கே எப்போதும் பலவகை மனிதர்களின் கண்கள் இருப்பதால்தான் என்று நகரவியல் எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே வாதிட்டார். மும்பைப் பெண்களின் பொதுவெளி அனுபவத்தை ஆராய்ந்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011-ல் வெளியிட்ட ‘ஒய் லாய்ட்டர்?’ என்ற நூல் இதை இன்னும் கூர்மையாக்கியது. வெளியே நிற்கும் பெண் தனக்கு ஏதோ வேலை இருக்கிறது என்று காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது; வேலையின்றிச் சும்மா இருக்கும் உரிமை கிடைக்கும்போதுதான் நகரம் அவளுக்கும் சொந்தமாகிறது என்பது அந்நூலின் அடிநாதம். எனவே பெண்களின் பாதுகாப்பைச் சொல்லிப் பூங்காவைப் பூட்டுவது, அவர்களுக்கு எஞ்சியிருக்கும் இடத்தையும் பறிப்பதாகவே முடியும். விளக்கும் கழிப்பறையும் பெண் காவலர்களும் கடைசிப் பேருந்துவரை ஆள்நடமாட்டமும்தான் பதில்.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. மருத்துவமனையும் மெட்ரோவும் தேவைப்படும் நகரத்தில் பூங்காவைப் புனிதமாக்கலாமா? பெங்களூரில் ஒரு குடியிருப்பு மனையமைப்பில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது இதே கேள்வி எழுந்தது. பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-ல் அந்த ஒதுக்கீட்டைச் செல்லாதென்றது. மருத்துவம் அவசியம் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. அதற்காகத் திறந்தவெளியைப் பலியிட முடியாது, அது நகரத் திட்டமிடலின் அடிப்படைத் தேவை என்றது. இதன் பின்னுள்ள தர்க்கம் எளிது. மருத்துவமனையை நான்கு மாடி உயர்த்தலாம், வேறிடத்தில் கட்டலாம். இருநூறு மரங்கள் உள்ள நிலத்தை மாடியாக அடுக்க முடியாது. மெட்ரோவின் நிலை வேறு. நிலத்தடி நிலையம் சில இடங்களில் பூங்காவைத் தொட்டே ஆக வேண்டும். ஆனால் ‘தற்காலிகம்’ என்பதற்கும் ஓர் எல்லை வேண்டும். செனாய் நகர் திரு.வி.க. பூங்கா மெட்ரோ பணிக்காக 2011-ல் மூடப்பட்டு, மரங்களை இழந்து, மக்களிடம் திரும்பி வரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அப்போது முதல் வகுப்பில் இருந்த குழந்தை பள்ளிப்படிப்பையே முடிக்கும் காலம் அது. எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு ஆண்டுக்கும் அதே பகுதியில் மாற்றுத் திறந்தவெளி தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் வேலையின் வேகமே வேறாக இருந்திருக்கும்.

இயற்கை ஆர்வலர்கள் எழுப்பும் கேள்வி ஒன்றுக்கு மட்டும் இந்த வாதம் இடம் விட்டாக வேண்டும். குப்பையும் இடிபாடும் கொட்டப்பட்ட அடையாற்றுக் கழிமுகத்தில் 58 ஏக்கரை மீட்டெடுத்து 2011-ல் தொல்காப்பியப் பூங்காவைத் திறந்தார்கள். நீண்ட காலம் முன்பதிவு செய்த குழுக்களுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. சதுப்பு நிலத்துக்கும் பறவைகளுக்கும் மனிதக் கூட்டம் ஆகாது என்பது உண்மை. அவற்றை அவற்றுக்காகவே காப்பது நகரத்தின் கடமை. ஆனால் அந்த ஏக்கர்களை மக்களுக்கான பூங்காக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, பசுமைவெளி போதுமான அளவு இருக்கிறது என்று சொல்வது சரியன்று. காடும் கழிமுகமும் ஒரு கணக்கு. உட்காரும் இடம் மற்றொரு கணக்கு.

‘அழகுபடுத்துதல்’ என்ற நல்ல காரியத்திடமும் எச்சரிக்கை தேவை. மெரினாவுக்கு முன்பிருந்தே கரையில் வாழ்ந்த மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் 1985-ல் அழகுக்காக அகற்ற முயன்றபோது மோதலும் துப்பாக்கிச் சூடும் நடந்து உயிர்கள் போயின. 2023-ல் நொச்சிக்குப்பம் லூப் சாலையில் மீன்கடைகளை அகற்றியபோது அதே வடு மீண்டும் வலித்தது. ஏற்கெனவே அங்கே வாழ்பவரை விலக்கி அமைக்கும் பொதுவெளி பொதுவன்று. விரிவாக்கத்தின் நல்ல உதாரணமும் இதே கரையில் உண்டு. சக்கர நாற்காலி மணலில் புதையும் என்பதால் மெரினாவுக்கு வந்தும் அலையைத் தொட முடியாதவர்களுக்காக, 2022 நவம்பரில் 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. செலவு வீண் என்று விட்டுவிடாமல் சீரமைத்தார்கள். வாசலை அகலப்படுத்தும் செலவு இப்படித்தான் இருக்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் 1959-லேயே இயற்றப்பட்டது. உள்ளாட்சி அமைப்புகள் பூங்காக்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும், பட்டியலில் உள்ள இடத்தை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. ஆனால் அரசின் முன்அனுமதி இருந்தால் பயன்படுத்தலாம். நல்ல காரியங்களோடு வருவது பெரும்பாலும் அரசே என்பதால், வேலியில் விட்ட இந்த வழி வாசலைவிட அகலமானது. அதேபோல, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுபவர் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான மனைகளில், நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டிவிடலாம். பணம் அரசுக் கணக்கில் சேர்கிறது. நெரிசலான தெருவில் நிழல் சேர்வதில்லை. இந்த இரண்டு விலக்குகளையும் திருத்துவது சட்டமன்றம் ஒரே கூட்டத்தொடரில் செய்யக்கூடிய வேலை. பட்டியலிட்ட பூங்காவின் பயன்பாட்டை மாற்ற நிர்வாக அனுமதி போதாது, அவையின் வாக்கெடுப்பு வேண்டும் என்று வைக்கலாம். பணமாகப் பெற்றதை அதே வார்டில் நிலம் வாங்கவே செலவிட வேண்டும் என்று கட்டாயமாக்கலாம்.

இந்த வாதத்துக்கான சோதனை இப்போதே கண்முன் நிற்கிறது. கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் 160 ஏக்கரை 2024 செப்டம்பரில் அரசு கையகப்படுத்தியது. அதில் 118 ஏக்கர் பசுமைப் பூங்காவுக்கென்று ஒதுக்கப்பட்டது. மழைநீர் தேங்கக் குளங்களும் வெட்டப்பட்டன. மாம்பலத்தின் பெரிய ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகரையும் பனகல் பூங்காவையும் உண்டாக்கிய நகரம், நூறாண்டுக்குப் பின் மறுபடி குளம் வெட்டுகிறது. டிரெவெலியனின் பூங்காவைவிடச் சற்றே பெரிய இந்த நிலத்துக்கு வரும் ஆண்டுகளில் பல நல்ல காரியங்கள் வந்து கை நீட்டும்: மாநாட்டு மண்டபம், நினைவிடம், வாகன நிறுத்தம், அருங்காட்சியகம், கட்டண விளையாட்டுக்கூடம். ஒவ்வொன்றுக்கும் வலுவான நியாயம் இருக்கும், ஒவ்வொன்றும் இரண்டு ஏக்கர்தானே என்று கேட்கும். மக்கள் பூங்காவின் 116 ஏக்கரும் அப்படித் துண்டு துண்டாகவே போயின. ஆகவே முதல் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும் முன் மூன்று விதிகளைச் சட்டமாக்க வேண்டும்: நிலம் முழுவதும் பூங்காவாகவே இருக்கும், நுழைய யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை, பகலெல்லாம் திறந்திருக்கும். செடிகளையும் பாதைகளையும் பற்றிய பேச்சு அதன்பின் போதும். எந்த நல்ல காரியத்துக்கும் நகரம் இடம் தேடிக்கொடுக்கலாம். எந்த வேலையும் இல்லாமல் மக்கள் கூடி உட்காரும் இடத்தை மட்டும் அதற்கு விலையாகக் கொடுக்கக் கூடாது.